ஆங்கில மரபுத்தொடர்கள்: சொல்லும் பொருளும்

நுழையும்முன்

ஒரு தொடரில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்திருந்தும் அத்தொடரின் பொருள் விளங்காமல் போவதுண்டு. சொற்களின் நேர்ப்பொருளை விட்டு, வழக்கினால் வேறொரு பொருளைப் பெற்று நிற்கும் தொடரே மரபுத்தொடர். செய்தித்தாளிலும் திரைப்படத்திலும் பாடநூலிலும் நாம் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஆங்கில மரபுத்தொடர்கள் எவ்வாறு தோன்றின, எவ்வாறு பொருள் தருகின்றன, அவற்றைத் தமிழில் பெயர்க்கையில் எங்கே இடறுகிறோம் என்பவற்றை இக்கட்டுரை பேசுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன்பு என்னிடம் பயின்ற மாணவி ஒருவரின் தந்தை வளைகுடா நாடொன்றில் ஓட்டுநராகப் பணியாற்றிவந்தார். அங்கே அவர் நெஞ்சுவலியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடன் பணியாற்றிய வேற்று மாநிலத்தவர் ஒருவர் வீட்டிற்கு ஆங்கிலத்தில் செய்தி அனுப்பியிருந்தார். அறுவை முடிந்துவிட்டது என்பது முதல் வரி. 'ஹி இஸ் நாட் அவுட் ஆஃப் தி வுட்ஸ் யெட்' என்பது அடுத்த வரி. வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் அம்மாணவி ஒருவரே. அவர் சொல்லுக்குச் சொல் சரியாகவே பெயர்த்தார்: "அப்பா இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லையாம்."

தாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "அந்த ஊர்ல மணல்தானே இருக்கும்னு சொன்னாரு, காடு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். அறுவை செய்த உடம்போடு கணவர் எங்கோ வழிதவறிப்போனார் என்று எண்ணி, அன்றிரவு முழுவதும் அவர் உறங்கவில்லை. மறுநாள் காலை, வகுப்புத் தொடங்கும் முன்பே, தாயின் அலைபேசியோடு என்முன் வந்து நின்றார் மாணவி.

அத்தொடருக்கு 'ஆபத்தான கட்டத்தை இன்னும் தாண்டவில்லை' என்பது பொருள். அடர்ந்த காட்டில் வழியறியாது திரிவதை இடருக்கு உவமையாக்கினர் ஆங்கிலேயர். காலப்போக்கில் காடு மறைந்து இடர் மட்டும் தொடரில் எஞ்சியது. மாணவியின் பெயர்ப்பில் ஒரு சொல்லும் தவறில்லை. சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் செய்தி முழுவதும் தவறாகிப்போனதுதான் இங்கே நாம் நின்று பார்க்கவேண்டியது.

ஒரு சொல்போல நடக்கும் தொடர்

மரபுத்தொடர் பல சொற்களால் ஆனதாயினும் ஒரு சொல்லைப்போலவே நடக்கும். 'கிக் தி பக்கெட்' என்பதன் நேர்ப்பொருள் வாளியை உதைத்தல், வழக்குப்பொருள் இறந்துபோதல். வாளியைக் குறிக்க ஆங்கிலத்தில் 'பெயில்' என்றொரு சொல்லும் உண்டு. 'பக்கெட்' இருந்த இடத்தில் அதனை அமைத்தால் தொடர் அக்கணமே உயிரிழந்துவிடும். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றினால் வாளி உதைபடும், எவரும் இறக்கமாட்டார். தமிழிலும் இதே நிலைதான். 'அவன் கம்பி நீட்டினான்' என்றால் நழுவி ஓடிவிட்டான் என்பது பொருள். 'அவனால் கம்பி நீட்டப்பட்டது' என்றால் ஏதோ ஒரு பட்டறையில் வேலை நடந்திருக்கிறது.

எல்லா மரபுத்தொடர்களும் இவ்வளவு இறுக்கமானவை அல்ல. 'ஸ்பில் தி பீன்ஸ்' என்பதன் நேர்ப்பொருள் அவரைக் கொட்டைகளைச் சிந்திவிடுதல். வழக்குப்பொருள் மறைக்கவேண்டியதை வெளியே சொல்லிவிடுதல். இதனைச் செயப்பாட்டுவினையில் அமைத்தாலும் வழக்குப்பொருள் கெடுவதில்லை. ஏன்? சிந்துதல் என்பது வெளிப்படுத்துதலுக்கும், கொட்டைகள் என்பது இரகசியத்திற்கும் நிகராக நிற்கின்றன. பொருள் இரு சொற்களுக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. 'கிக் தி பக்கெட்' தொடரில் உதைத்தலுக்கும் வாளிக்கும் தனித்தனியே எப்பொருளும் இல்லை; இறப்பு என்னும் பொருள் தொடர் முழுவதற்கும் உரியது. ஆகவே அதனைப் பிரித்தாலும் புரட்டினாலும் பொருள் சிதறுகிறது. ஓர் அயல்மொழித் தொடரை நாம் எவ்வளவு வளைக்கலாம் என்பதை இவ்வேறுபாடு காட்டிக்கொடுக்கும்.

கடலும் களமும்

தொடரின் பொருளை நிலைநிறுத்துவது வழக்கு. அவ்வழக்கோ ஒரு மக்கள் வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து எழுகிறது. இங்கிலாந்து தீவிலமைந்த நாடு. பல நூற்றாண்டுகள் அதன் வாணிகமும் போரும் பாய்மரக் கப்பல்களை நம்பி இருந்தன. மாலுமிகளின் தொழிற்சொற்கள் கரையேறி, கப்பலைக் கண்ணாலும் கண்டிராதவர் வாயில் இன்றும் புழங்குகின்றன.

ஒருவர் திடுக்கிட்டுத் திகைத்தார் என்பதற்கு 'டேக்கன் அபேக்' என்பர். பாய்மரக் கப்பல் பின்னிருந்தோ பக்கத்திலிருந்தோ காற்றை வாங்கி ஓடும். காற்று திடீரெனத் திசைமாறிப் பாயின் முன்முகத்தில் அடித்தால் பாய் பின்னோக்கி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும்; கப்பல் ஓட்டம் தடைப்பட்டுத் திணறும். எதிர்பாராத செய்தியால் மனம் அவ்வாறு நின்றுபோவதைக் குறிக்க இத்தொடரினும் பொருத்தமான உவமை கிடைப்பது அரிது. எனினும் இதனைப் பயன்படுத்தும் ஆங்கிலேயருள் பெரும்பாலோர்க்குப் பாயும் தெரியாது, காற்றும் தெரியாது. திகைப்பு மட்டுமே தெரியும்.

'பை அண்ட் லார்ஜ்' என்னும் தொடர் இன்னும் விந்தையானது. 'பொதுவாகப் பார்த்தால்' என்னும் பொருளில் கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. இலக்கணம் கற்றவர் இதனைப் பிரித்துப் பார்த்தால் ஓர் இடைச்சொல்லும் 'பெரிய' என்னும் சொல்லும் இணைந்திருப்பதாகத் தோன்றும், பொருள் கிடைக்காது. காற்று வரும் திசைக்கு மிக அணுக்கமாகக் கப்பலைச் செலுத்துவது 'பை'. பின்பக்கத்துக் காற்றில் செலுத்துவது 'லார்ஜ்'. இருவகைக் காற்றிலும் நன்கு ஓடும் கப்பல் எந்நிலைக்கும் ஏற்ற கப்பல். அதிலிருந்து 'எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில்' என்னும் பொருள் வந்தது. குடித்துத் தள்ளாடுபவரைக் குறிக்கும் 'த்ரீ ஷீட்ஸ் டு தி விண்ட்' என்னும் தொடரில் 'ஷீட்' என்பதைத் தாள் என்றோ விரிப்பு என்றோ கொள்ளுதல் கூடாது. பாயின் கீழ் மூலையை இழுத்துக் கட்டும் கயிற்றுக்குக் கப்பலில் அப்பெயர். மூன்று கயிறுகள் அவிழ்ந்து காற்றில் ஆடினால் கப்பலும் ஆடத்தானே செய்யும்!

கடற்போர் ஒன்றோடு பிணைத்துப் பேசப்படும் தொடரும் உண்டு. 1801ஆம் ஆண்டு கோபன்ஹேகன் போரில், பின்வாங்குமாறு மேலதிகாரியின் கப்பலிலிருந்து கொடிக்குறிப்பு வந்தபோது, நெல்சன் என்னும் கடற்படைத் தளபதி தொலைநோக்கியைப் பார்வையிழந்த தம் கண்ணில் வைத்துக்கொண்டு, குறிப்பு எதுவும் தெரியவில்லை என்றாராம். 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்னும் தொடர் இந்நிகழ்ச்சியால் புகழ்பெற்றது. கண்டும் காணாததுபோல் இருத்தல் என்று தமிழில் நாம் சொல்வது அதற்கு நிகரானது. அங்கே ஒரு கண் பார்வையற்றது. இங்கே இரு கண்களும் பார்க்கின்றன.

கிரிக்கெட் களத்திலிருந்து வந்தவை நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும். இக்கட்டான நிலையில் இருப்பவரை 'ஸ்டிக்கி விக்கெட்'டில் இருக்கிறார் என்பர். ஆடுகளத்தை மழைக்கு மூடிவைக்கும் வழக்கம் இல்லாத காலத்தில், நனைந்த களம் வெயிலில் காயத் தொடங்கும்போது பந்து எவ்வாறு எழும்பும் என்று மட்டையாளரால் கணிக்க இயலாது. பிறர் தூண்டாமல் தாமாகவே ஒன்றைச் செய்தல் 'ஆஃப் ஹிஸ் ஓன் பேட்' எனப்படும். கிரிக்கெட் அறியாத அமெரிக்கருக்கு இவை அயலானவை. அவர்கள் பேஸ்பால் ஆட்டத்திலிருந்து தமக்குரிய தொடர்களை எடுத்துக்கொண்டனர். ஒரே மொழி பேசுவோர் என்பதற்காக ஒரே மரபுத்தொடர்களைப் பேசுவர் என்று கருதுதல் பிழை.

தெரிந்து தெளிவோம்

மரபுத்தொடர்களின் தோற்றம் பற்றிச் சுவையான கட்டுக்கதைகள் பல உலவுகின்றன. கனமழையைக் குறிக்கும் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்னும் தொடருக்கு, முற்காலத்தில் கூரை வேய்ந்த வீடுகளின்மேல் உறங்கிய பூனைகளும் நாய்களும் மழையில் வழுக்கி விழுந்தன என்று காரணம் கூறுவர். இதற்குச் சான்று ஏதுமில்லை. அத்தொடரின் உண்மைத் தோற்றம் உறுதிப்படவில்லை. ஜோனதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட உரையாடல் நூலில் அது இடம்பெற்றுள்ளது என்பது மட்டும் உறுதி. கடைசி நேரத்தில் தப்புதலைக் குறிக்கும் 'சேவ்டு பை தி பெல்' என்பதற்கும், உயிரோடு புதைக்கப்பட்டவர் கல்லறையிலிருந்து மணியடித்த கதையைக் கூறுவர். அத்தொடர் குத்துச்சண்டைக் களத்தில், சுற்று முடிந்ததை அறிவிக்கும் மணியிலிருந்து வந்தது. கதை எவ்வளவு சுவையாக இருக்கிறதோ அவ்வளவு ஐயத்தோடு அதனை அணுகுக.

பெயர்ப்பில் பிறந்தவை

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கக்கூடாது என்று நாங்கள் வகுப்பில் கற்பிக்கிறோம். நல்ல விதிதான். ஆனால் ஆங்கிலத்தின் புகழ்பெற்ற மரபுத்தொடர்கள் சிலவற்றின் பிறப்பை ஆராய்ந்தால் இவ்விதியை உரக்கச் சொல்லத் தயக்கம் உண்டாகிறது. அவை அயல்மொழிகளிலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டவை. பிழையாகப் பெயர்க்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு.

நெதர்லாந்தைச் சேர்ந்த எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிரேக்க, இலத்தீன் முதுமொழிகளைத் தொகுத்து விளக்கம் எழுதினார். அத்தொகுப்பு விரிந்து விரிந்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட முதுமொழிகளைக் கொண்டதாயிற்று. உலகின் துன்பங்களையெல்லாம் அடைத்து வைத்திருந்த கலத்தைப் பண்டோரா என்னும் பெண் திறந்துவிட்டாள் என்பது கிரேக்கப் பழங்கதை. அக்கதையைப் பாடிய ஹெசியட் என்னும் கவிஞர் அக்கலத்தைக் குறிக்கப் பயன்படுத்திய 'பித்தோஸ்' என்னும் சொல், தானியமும் எண்ணெயும் சேமித்து வைக்கும் பெருந்தாழியைக் குறிக்கும். எராஸ்மஸ் அதனைச் சிறு பேழையைக் குறிக்கும் 'பிக்சிஸ்' என்னும் சொல்லால் எழுதிவிட்டார். தாழி பேழையானது. இன்று, அடக்க முடியாத சிக்கல்களைக் கிளப்பிவிடுதலை ஆங்கிலேயர் 'பண்டோராவின் பெட்டியைத் திறத்தல்' என்றே சொல்கின்றனர். தாழி என்று திருத்திச் சொல்பவரை எவரும் புரிந்துகொள்ளமாட்டார்.

ஒளிவுமறைவின்றி உள்ளதை உள்ளபடி பேசுதலுக்கு 'கால் எ ஸ்பேட் எ ஸ்பேட்' என்பர்; மண்வெட்டியை மண்வெட்டி என்றே சொல்லுதல் என்பது நேர்ப்பொருள். புளூடார்க் என்னும் கிரேக்க ஆசிரியரின் எழுத்தில் இருந்தது மண்வெட்டி அன்று, தொட்டி. தொட்டியைத் தொட்டி என்றழைக்கும் பட்டிக்காட்டு மனிதர் என்பது அங்கே கருத்து. எராஸ்மஸ் அதனை இலத்தீனில் மண்வெட்டும் கருவியாக மாற்றினார். நிக்கோலஸ் உடால் 1542இல் அந்நூலை ஆங்கிலப்படுத்தியபோது அக்கருவி 'ஸ்பேட்' ஆயிற்று. ஒரே அறிஞரின் கைவழியே இரு தொடர்கள் உருமாறின, இரண்டும் வேரூன்றின. நம் தமிழில் 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்று பேசுபவரின் கையிலும் ஒரு வெட்டுங்கருவி இருக்கிறது. அது தற்செயலே.

விவிலிய மொழிபெயர்ப்பு ஆங்கிலத்துக்கு வழங்கிய தொடர்கள் மிகப்பல. அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விலையும் பெரிது. திருச்சபையின் ஒப்புதலின்றி விவிலியத்தை ஆங்கிலத்தில் பெயர்ப்பது இங்கிலாந்தில் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், வில்லியம் டின்டேல் நாட்டைவிட்டு வெளியேறி, ஐரோப்பாவில் மறைந்து வாழ்ந்து அப்பணியைச் செய்தார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1526இல் அச்சாயிற்று. 1536இல், பிரசல்ஸ் நகருக்கு அருகில், சமய எதிர்ப்பாளர் என்று தீர்ப்பளிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதிய தொடர்களை அரச ஆணையால் 1611இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு பெருமளவில் ஏற்றுக்கொண்டது. ஆட்சியதிகாரத்தில் இருப்போரைச் சற்றே எள்ளலோடு குறிக்க இன்று வழங்கும் 'தி பவர்ஸ் தட் பீ' என்பது டின்டேலின் பெயர்ப்பில் வந்ததே. அதிகாரத்தால் கொல்லப்பட்டவரின் சொல் அதிகாரத்துக்கே பெயராகி நிற்கிறது.

டின்டேல் 1530இல் ஆக்கிய 'ஸ்கேப்கோட்' என்னும் சொல்லைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டும். யூதர்களின் பழைய சடங்கு ஒன்றில் இரு வெள்ளாடுகள் கொண்டுவரப்படும். ஒன்று பலியிடப்படும். மற்றொன்றின் தலைமீது மக்களின் பாவங்களையெல்லாம் சுமத்திப் பாலைநிலத்துக்குள் துரத்திவிடுவர். அவ்வாறு தப்பிச்செல்லும் ஆட்டுக்கு 'எஸ்கேப்' என்னும் சொல்லின் குறுக்கத்தையும் ஆட்டைக் குறிக்கும் 'கோட்' என்னும் சொல்லையும் இணைத்து அவர் பெயரிட்டார். தமிழ் விவிலியம் இதனைப் 'போக்காடு' என்று அழகாகப் பெயர்த்துள்ளது. ஆனால் பிறர் செய்த குற்றத்தைச் சுமப்பவரை நாம் அன்றாட வழக்கில் 'பலிகடா' என்கிறோம். அதாவது, ஆங்கிலேயர் பெயரிட்டது உயிரோடு போன ஆட்டுக்கு. நாம் பெயரிட்டது வெட்டுப்பட்ட ஆட்டுக்கு. இருவர் சொல்வதும் ஒரே மனிதரைத்தான்.

நூலிழையில் தப்புதலைக் குறிக்கும் 'பை தி ஸ்கின் ஆஃப் ஹிஸ் டீத்' என்னும் தொடர், எபிரேயத் தொடரொன்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு. பல்லின் தோலால் தப்பினார் என்று பொருள். பல்லுக்குத் தோல் ஏது என்று ஆங்கிலேயர் எவரும் கேட்பதில்லை. 'மயிரிழையில் தப்பினார்' என்று சொல்லும் நாமும், மயிரிழைக்கு அத்தனை வலிமை ஏது என்று கேட்டுக்கொள்வதில்லை.

தமிழுக்கு வருகையில்

ஆங்கிலத் தொடருக்கு நிகரான தொடர் தமிழில் முன்பே இருந்தால் நற்பேறுதான். ஒரே கல்லில் இரு பறவைகளை வீழ்த்துகிறார் ஆங்கிலேயர்; நாம் இரண்டு மாங்காய்களை வீழ்த்துகிறோம். பரிசாக வந்த குதிரையின் வாயைத் திறந்து பார்க்காதே என்பது ஆங்கிலப் பழமொழி. பல்லைக் கொண்டு விலங்கின் வயதைக் கணிப்பர். கொடையாக வந்ததை அவ்வாறு சோதிப்பது நன்றியின்மை. ஏறத்தாழ கி.பி. 400ஆம் ஆண்டையொட்டி எழுதிய ஜெரோம் என்பவரே இதனைப் பழமொழி என்று குறிப்பிடுகிறார். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான் என்று நம் சிற்றூர்களில் சொல்வதும் இதையே. அங்கே குதிரை, இங்கே மாடு, பல் ஒன்றே.

தேவையில்லாத இடத்துக்கு ஒன்றைச் சுமந்து செல்வதை 'கேரியிங் கோல்ஸ் டு நியூகாசில்' என்பர். நியூகாசில், நிலக்கரி ஏற்றுமதியால் பெயர்பெற்ற ஆங்கில நகரம். இதனைக் 'கொல்லன் தெருவில் ஊசி விற்றல்' என்று பெயர்த்தால் பொருந்தும். நகைச்சுவை உணர்வுள்ள மாணவர் ஒருவர் ஒருமுறை 'நெய்வேலிக்கு நிலக்கரி கொண்டுபோதல்' என்று எழுதினார். மதிப்பெண் கொடுத்தேன். ஆனால் இலண்டன் தெருவில் நடக்கும் கதையில் ஆங்கிலேயர் ஒருவர் நெய்வேலியைப் பற்றிப் பேசினால் வாசகர் கதையை மறந்துவிடுவார். கொல்லன் தெரு எந்த ஊரிலும் இருக்கலாம். நெய்வேலி ஓரிடத்தில்தான் இருக்கிறது.

நிகரான தொடர் இல்லாமற்போவதைக் காட்டிலும், நிகரானதுபோல் தோன்றும் தொடர் இருப்பது இடர் மிகுந்தது. 'புல்லிங் மை லெக்' என்பதன் நேர்ப்பொருள் என் காலை இழுத்தல். தமிழில் 'காலை வாரிவிடுதல்' என்னும் தொடர் உடனே நினைவுக்கு வரும். ஆங்கிலத்தில் இது விளையாட்டாகப் பொய்சொல்லிக் கேலிசெய்தல். தமிழில் நம்பியவரைக் கைவிட்டு வஞ்சித்தல். நண்பனின் கேலியைத் துரோகமாக்கிவிடும் இம்மொழிபெயர்ப்பு. அதுபோலவே 'ஃபயர் இன் தி பெல்லி' என்பது சாதிக்கவேண்டும் என்னும் வேட்கையைப் புகழும் தொடர். தமிழிலோ வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவர் கவலையால் வெந்துகொண்டிருப்பவர். வயிற்றெரிச்சல் பொறாமையைக் குறிக்கும். இளம் விளையாட்டு வீரரைப் பற்றிய ஆங்கிலப் பாராட்டைத் தமிழில் பெயர்ப்பவர் வயிறு என்னும் சொல்லையே தொடாமல் இருப்பது நல்லது.

சொல்லுக்குச் சொல் பெயர்க்கப்பட்டும் தமிழில் நிலைபெற்றவை சிலவும் உண்டு. அரசு அலுவலகங்களின் தாமதத்தைக் குறிக்கும் 'ரெட் டேப்' தமிழில் 'சிவப்பு நாடா' ஆயிற்று. இங்கிலாந்தில் ஆவணக் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டுவர். ஆங்கிலேயர் ஆட்சியோடு அந்த நாடாவும் இங்கே வந்து நம் அலுவலகக் கோப்புகளைச் சுற்றிக்கொண்டது. பொருள் முன்னே வந்ததால் தொடரும் பின்னே வந்து தங்கியது. 'வெள்ளை யானை' என்னும் தொடர் அவ்வளவு எளிதில் ஒட்டவில்லை. பராமரிக்கும் செலவு மிகுந்து பயன் குறைந்த பொருளை அது குறிக்கும். சயாம் நாட்டில் வெள்ளை யானை புனிதமானது. அதனை வேலை வாங்க இயலாது. பிடிக்காதவர்க்கு மன்னர் அதனைப் பரிசளித்து நொடிக்கச் செய்வார் என்பது ஆங்கிலேயர் சொல்லும் கதை. தமிழ் மரபில் வெள்ளை யானை இந்திரனின் ஐராவதம். செய்தித்தாளில் நட்டமடையும் ஆலைக்கு அப்பெயர் சூட்டப்படும்போது, புராணம் அறிந்த முதியவர் ஒருகணம் தயங்கியே படிக்கிறார்.

முதலை தன் இரையை உண்ணும்போது கண்ணீர் விடும் என்னும் நம்பிக்கை இடைக்கால ஐரோப்பாவில் பரவியிருந்தது. அதிலிருந்து எழுந்த ஆங்கிலத் தொடரோடு நம் 'முதலைக் கண்ணீர்' சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கிறது. வஞ்சக அழுகைக்குத் தமிழ் மண்ணிலேயே முளைத்த தொடர் 'நீலிக்கண்ணீர்'. அதன்பின் பழையனூர் நீலியின் கதை இருக்கிறது. இரண்டும் இன்று வழக்கில் உள்ளன. என் கருத்தில் நீலியின் கண்ணீரே அழுத்தம் மிக்கது. அவளுக்கு ஓர் ஊரும் பெயரும் உண்டு.

யார், யாரிடம், எப்போது

'கிக் தி பக்கெட்' தொடருக்கு மீண்டும் வருவோம். பிரான்சிஸ் குரோஸ் 1785இல் தொகுத்து வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியில் இது இடம்பெற்றுள்ளது. எவ்வகை அகராதி என்பதைக் கவனிக்க. இத்தொடருக்கு இறத்தல் என்று மட்டும் பொருள் எழுதிக்கொள்வது பாதிப் பொருள்தான். அதில் ஏளனமோ விளையாட்டோ கலந்திருக்கிறது. தமிழில் 'மண்டையைப் போட்டார்' என்பது அதற்கு நெருங்கியது. 'பாஸ்ட் அவே' என்பதோ 'காலமானார்', 'இயற்கை எய்தினார்' என்பவற்றைப் போன்றது. இரங்கற்கடிதம் ஒன்றில் முதலாவது தொடரை எழுதிவிட்டால், இலக்கணப்பிழை ஏதுமில்லாத அக்கடிதம் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கணக்கில் வருத்தும். நாடக மேடையேறப்போகும் நடிகரிடம் 'பிரேக் எ லெக்' என்பர். காலை முறித்துக்கொள் என்பது நேர்ப்பொருள். நன்றாக நடியுங்கள் என்பது வாழ்த்து. மேடைக்கு வெளியே, படியிறங்கும் பாட்டியிடம் இதைச் சொல்லிப் பார்க்கவேண்டாம்.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்கும் இடையிலேயே இவ்வகை இடறல் நேர்ந்திருக்கிறது. ஒரு பொருளை 'டேபிள்' செய்வது என்றால், பிரிட்டனில் அதனை உடனே விவாதத்துக்கு எடுத்தல். அமெரிக்காவில் அதனை ஒத்திவைத்தல். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இருநாட்டுப் படைத்துறை அலுவலர்களும் ஓர் அறிக்கையைப் பற்றி நெடுநேரம் கடுமையாக வாதிட்டதையும், பின்னரே இருதரப்பும் விரும்பியது ஒன்றே என்று தெரிந்ததையும் சர்ச்சில் தம் போர் நினைவு நூலில் குறிப்பிட்டுள்ளார். நம் செய்தித்தாள்களில் அவையில் அறிக்கை 'தாக்கல் செய்யப்பட்டது' என்று வருவது பிரிட்டன் வழக்கைத் தழுவியது. அமெரிக்கச் செய்தியைப் பெயர்ப்பவர் அங்கே தாக்கல் என்று எழுதினால் நடந்ததற்கு நேர்மாறான செய்தியை வாசகர் படிப்பார்.

வளைகுடாவிலிருந்து பத்து நாள்களுக்குப் பின்னர் மற்றொரு செய்தி வந்தது. இம்முறை அதில் 'நாட்' இல்லை, 'யெட்' இல்லை. மாணவி அதனை என்னிடம் கொண்டுவரவில்லை. தாயிடம் தாமே சொல்லிவிட்டு, மாலையில் வகுப்பு முடிந்தபின் அதனை எனக்குத் தெரிவித்தார். "என்னவென்று சொன்னாய்?" என்று கேட்டேன்.

"அப்பா கண்டம் தாண்டிட்டாருன்னு சொன்னேன் ஐயா."

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஆங்கிலப் பாடநூலிலிருந்து ஐந்து மரபுத்தொடர்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றின் நேர்ப்பொருளையும் வழக்குப்பொருளையும் எழுதுக. நிகரான தமிழ்த் தொடர் இல்லாதவற்றை எவ்வாறு பெயர்ப்பீர்கள் என்று வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் வீட்டிலுள்ள முதியவரிடம் மூன்று தமிழ் மரபுத்தொடர்களைக் கேட்டறிந்து, தமிழ் அறியாத ஒருவருக்கு அவற்றை எவ்வாறு விளக்குவீர்கள் என எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

'புல்லிங் மை லெக்' என்னும் ஆங்கிலத் தொடரின் வழக்குப்பொருள்
அ) நம்பியவரை வஞ்சித்தல் ஆ) விளையாட்டாகக் கேலிசெய்தல் இ) நடக்கவிடாமல் தடுத்தல் ஈ) கெஞ்சிக் கேட்டல்

குறுவினா

1. 'டேக்கன் அபேக்' என்னும் தொடரின் பின்னணியை எழுதுக.
2. 'போக்காடு', 'பலிகடா' – வேறுபடுத்துக.

சிறுவினா

'சிவப்பு நாடா' தமிழில் எளிதில் நிலைபெற்றதற்கும் 'வெள்ளை யானை' தயக்கத்தோடு ஏற்கப்பட்டதற்கும் கட்டுரையாசிரியர் கூறும் காரணங்கள் யாவை?

நெடுவினா

மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்க்கக்கூடாது என்னும் விதி எவ்வளவு தூரம் பொருந்தும்? தக்க சான்றுகளுடன் உங்கள் கருத்தை நிறுவுக.